எந்தக் கதவை முதலில் சாத்துவது? சிங்கப்பூர்ச் சூதாட்டக்கூடங்களிலிருந்து விலகிக்கொள்ளும் வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

சூதாட்டக்கூடத்துக்கு இனிப் போகக்கூடாது என்று முடிவெடுத்த ஒருவருக்குச் சிங்கப்பூரில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணத்தின் கனமே தம்மைத் தடுத்துவிடும் என்று நம்பி, மனவுறுதியை மட்டும் துணையாகக் கொள்ளலாம். மாதத்திற்கு இத்தனை முறைக்குமேல் உள்ளே விடக்கூடாது என்று தமக்குத் தாமே வருகை வரம்பு வைத்துக்கொள்ளலாம். தம் பெயரைத் தாமே கொடுத்து, முழுமையான சுய விலக்குப் பெறலாம். அல்லது, மனைவியோ பிள்ளைகளோ விண்ணப்பித்துக் குடும்ப விலக்காணை பெறும் நிலைக்கு விட்டுவிடலாம். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்டதைப் பிடிப்பதற்காக ஒரே ஒரு முறையேனும் வீட்டுச் செலவுப் பணத்தைத் தொட்டவர், நடுவிலுள்ள வழிகளைச் சோதித்துப் பார்த்து நாள் கடத்தாமல், சுய விலக்கிலிருந்தே தொடங்குவது நல்லது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தங்கையின் வீட்டில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

இந்த ஏற்பாடுகள் எப்படி வந்தன என்பது தெரிந்தால் அவற்றின் பலமும் பலவீனமும் விளங்கும். சூதாட்டக்கூடமும் விடுதியும் கடைகளும் சேர்ந்த ஒருங்கிணைந்த உல்லாசத்தளங்களுக்கு அனுமதி தருவதென்று அரசாங்கம் 2005 ஏப்ரலில் அறிவித்தது. சூதாட்டப் பிரச்சினையைக் கையாள்வதற்கான தேசிய மன்றம் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. சூதாட்டக்கூடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. செந்தோசாவில் ஒன்றும் மரினா பேயில் ஒன்றுமாக இரண்டு கூடங்களும் 2010இல் திறக்கப்பட்டன. அதாவது, கூடம் திறப்பதற்கு முன்பே அதற்குள் போகாமல் தடுப்பதற்கான சட்டம் எழுதப்பட்டுவிட்டது. உள்ளே பணம் எடுக்கும் இயந்திரம் வைக்கக்கூடாது என்பதும், பெருந்தொகை வைப்புச் செய்த ஆட்டக்காரர்களைத் தவிர மற்ற குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கூடம் கடன் கொடுக்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உள்ள தடைகள்தாம். ஆயினும் பொதுமக்கள் அதிகம் அறிந்தது நுழைவுக் கட்டணத்தைத்தான்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செலுத்தும் அந்தக் கட்டணம் தொடக்கத்தில் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளியாகவும் (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுக்கு 2,000 வெள்ளியாகவும் இருந்தது. 2019 ஏப்ரலில் அது 150 வெள்ளியாகவும் 3,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு முறை வேடிக்கை பார்க்கலாம் என்று நினைப்பவரை இந்தத் தொகை திருப்பி அனுப்பும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆட்டத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டவரிடமோ இதே கட்டணம் நேர்மாறாக வேலை செய்கிறது. வாசலிலேயே 150 வெள்ளியை இழந்துவிட்ட மனம், முதலில் அந்த 150ஐ மீட்க வேண்டும் என்றுதான் மேசையில் உட்காருகிறது. கட்டணம் 24 மணி நேரத்துக்குச் செல்லும் என்பதால், பாதியில் எழுந்து வருவது காசை வீணாக்குவதுபோலத் தோன்றுகிறது.

என் தங்கை ஒருநாள் தன் கணவரின் அலுவலகப் பையைத் துவைப்பதற்காகக் கவிழ்த்தபோது, அதன் உட்பையிலிருந்து மடித்து மடித்து வைத்த கட்டணச் சீட்டுகள் விழுந்தன. எண்ணிப் பார்த்தபோது 22 இருந்தன. தோற்றது எவ்வளவு என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. வாசலில் கொடுத்தது மட்டுமே 3,300 வெள்ளி. அன்று இரவு அவள் அந்தச் சீட்டுகளை மேசைமேல் பரப்பி வைத்தபோது, மாப்பிள்ளை நெடுநேரம் அவற்றைப் பார்த்துவிட்டு, "வருடக் கட்டணமாகவே கட்டியிருந்தால் முந்நூறு வெள்ளி மிச்சமாகியிருக்கும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கணக்குப் போட்டுத்தான் சொன்னார். நோயின் ஆழம் எனக்குப் புரிந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். கட்டணத்தை நம்பிக் காத்திருக்கும் முதல் வழி, இந்த நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு வழியே அன்று என்று நான் கருதுவதற்கும் அதுவே காரணம்.

அடுத்தது வருகை வரம்பு. இது 2013இல் நடைமுறைக்கு வந்தது. மாதத்திற்கு எத்தனை முறை போகலாம் என்ற எண்ணிக்கையை ஒருவர் தாமே நிர்ணயித்துப் பதிவுசெய்துகொண்டால், அந்த எண்ணிக்கை முடிந்ததும் அந்த மாதத்தில் வாசலில் அனுமதி கிடைக்காது. குடும்பத்தினர் விண்ணப்பித்தும் வரம்பு விதிக்கச் செய்யலாம். அடிக்கடி செல்பவரின் கடன் நிலைமை மோசமாக இருந்தால் அந்தத் தேசிய மன்றமே வரம்பு விதிப்பதும் உண்டு. முழுத்தடை என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு இது நடுநிலையான, நாகரிகமான ஏற்பாடாகத் தெரிகிறது. மாப்பிள்ளையும் முதலில் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். மாதத்திற்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டார். நாங்களும் மகிழ்ந்தோம்.

ஆனால் வரம்பு எண்ணுவது வருகையைத்தான். பணத்தையும் நேரத்தையும் அது எண்ணுவதில்லை. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் ஒரே இரவில், ஒரே வருகையில் விட்டுவிட முடியும். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. இரண்டு முறை என்ற எண், அதிகபட்சம் என்ற பொருளை இழந்து, தமக்கு உரிய பங்கு என்ற பொருளைப் பெற்றுவிடுகிறது. அதற்கு முன்பு ஒரு மாதம் போகாமலேகூட இருந்தவர், வரம்பு வைத்த பின் இரண்டையும் தவறாமல் பயன்படுத்தினார். அதுவும் சம்பளம் வந்த வாரத்திலேயே இரண்டும் தீர்ந்துவிடும். மீதி மூன்று வாரங்களும் அவர் வீட்டில்தான் இருந்தார் என்றாலும், மனம் அடுத்த மாதத்தின் முதல் வாய்ப்பைச் சுற்றியே இருந்தது. எனவே வருகை வரம்பு, கடனில்லாத, தோற்றாலும் எழுந்து வரத் தெரிந்த, போகும் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறதே என்று தாமே முன்கூட்டிக் கவலைப்படும் ஒருவருக்கு நல்ல கருவி. கடன் தொடங்கிவிட்டவருக்கு அது ஒத்திவைப்பே தவிர வேறில்லை.

சுய விலக்கு, அமைப்பில் எளிமையானது. அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகத் தேசிய மன்றத்தின் இணையத்தளத்தில் நுழைந்து விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. விசாரணை இல்லை, காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை, யாருடைய சம்மதமும் தேவையில்லை. குறைந்தது ஓராண்டு அதை விலக்கிக்கொள்ள முடியாது. ஓராண்டு ஆனதும் அது தானாகவே அற்றுப்போவதும் இல்லை. வேண்டாம் என்று நினைப்பவர் நீக்கக் கோரித் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு சூதாட்டக்கூடங்களோடு நின்றுவிடாமல், மனமகிழ் மன்றங்களிலுள்ள ஜாக்பாட் அறைகளையும் லாட்டரியும் பந்தயமும் நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தின் இணையக் கணக்கையும் சேர்த்து விலக்கிக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பிப்பவர்கள் அவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது நல்லது. ஏனெனில் மூடிய கதவிலிருந்து திரும்பும் கால், பக்கத்தில் திறந்திருக்கும் கதவைத்தான் தேடும்.

இந்த வழியின் உண்மையான பலம் வாசலில் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 1996இலேயே, வாழ்நாள் முழுவதற்குமாகத் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளும் பட்டியலைத் தொடங்கியது. பிரிட்டனில் இணையச் சூதாட்டத்துக்கு ஒரு திட்டம், சூதாட்டக்கூடங்களுக்கு ஒன்று, பந்தயக் கடைகளுக்கு இன்னொன்று என்று தனித்தனியே பதிய வேண்டியிருக்கிறது. கடைகளில் ஊழியர்கள் புகைப்படத்தை நினைவில் வைத்துக்கொண்டு முகத்தை அடையாளம் காண வேண்டும். நூற்றுக்கணக்கான முகங்களை ஓர் ஊழியர் நினைவில் வைத்திருப்பது நடக்கிற காரியமா? சிங்கப்பூரில் கட்டணம் செலுத்தும் முறை இருப்பதால், உள்நாட்டவர் ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பெயர் பட்டியலில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே விடக்கூடாதவரை விட்டால் கூடத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அந்தப் பொறுப்பை 2022 ஆகஸ்ட் முதல் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் வகிக்கிறது.

இந்த வேறுபாடு சிறியதன்று. சுய விலக்கு என்பது, தெளிவாக இருக்கும் நேரத்து மனிதர், தெளிவிழக்கப்போகும் நேரத்துத் தம்மையே கட்டிவைப்பது. கட்டு வாசலில் அவிழ்ந்துவிடுமானால், வெட்கமும் தோல்வியும்தான் மிஞ்சும்.

மாப்பிள்ளை விண்ணப்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உட்லண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தங்கை தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருந்தார்கள். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். கடைசிப் பொத்தானுக்குமேல் அவருடைய கட்டைவிரல் அப்படியே நின்றது. "அண்ணே, இதைப் போட்டுட்டா விட்டதைப் பிடிக்கவே முடியாதே" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அது என் முடிவாகிவிடும். நாளை தவறு நேர்ந்தால் பழியும் என்மேல்தான் வரும், அவருக்கு அது வசதியாகவும் போய்விடும். தேநீர் ஆறி ஆடை படியும் வரை மூவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவரே அழுத்தினார். மொத்தத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பொத்தானுக்கு முன்னால் நின்ற நேரம்தான் நீண்டது.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த ஒப்பீடு முற்றிலும் மாறிவிடுகிறது. இதைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களில் நம் ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். நுழைவுக் கட்டணம் அவர்களுக்குக் கிடையாது. கடவுச்சீட்டையோ அனுமதிச் சீட்டையோ காட்டிவிட்டு, ஒரு வெள்ளிகூடக் கொடுக்காமல் உள்ளே போகலாம். குடும்பமோ புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ இருக்கிறது. அங்கிருந்து மனைவி விண்ணப்பித்து, விசாரணைக்கு நின்று, விலக்காணை பெறுவது எளிதான காரியமில்லை. ஆக, உள்நாட்டவருக்கு நான்கு வழிகள் என்றால், அவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது சுய விலக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர், அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் போய்வரலாம் என்று நினைத்தால், அவரைத் தடுக்க அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைத் தவிர வேறு சுவர் இல்லை.

சுய விலக்குப் பெற்றோரில் பெரும்பகுதியினர் வெளிநாட்டவராக இருந்ததற்கு இதுவும், பல முதலாளிகள் வேலைக்குச் சேரும்போதே விண்ணப்பிக்கச் சொன்னதும் காரணங்கள். இது போலிஸ் பதிவோ குற்றப் பதிவோ அன்று. தங்கும் விடுதியில் புதிதாக வந்து இறங்கும் தம்பிக்கு ஊர்க்காரர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன். ஒரு முறைகூடப் போகாதவர் பதிந்துகொள்வதில் இழப்பு எதுவும் இல்லை.

சுய விலக்கால் அடைக்க முடியாத ஓட்டைகளையும் மறைக்கக்கூடாது. மலேசியாவின் கெந்திங் மலைச் சூதாட்டக்கூடத்தில் சிங்கப்பூர்ப் பட்டியலுக்கு மதிப்பில்லை; இங்கிருந்து அங்கே பேருந்துகள் நேரே போகின்றன. கடலில் செல்லும் உல்லாசக் கப்பல்களின் ஆட்ட அறைகளும் அப்படியே. டோட்டோ, 4டி லாட்டரிச் சீட்டுகளைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குபவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. உரிமமில்லாத இணையத்தளங்கள் சட்டவிரோதமானவை, முடக்கப்படுபவை. ஆயினும் புதிது புதிதாக முளைக்கின்றன. மாப்பிள்ளையும் விலக்குப் பெற்ற இரண்டாம் மாதத்தில் 4டி வாங்கத் தொடங்கினார். இருபது முப்பது வெள்ளிதானே என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால், இடத்தை மூடும்போது பணத்தையும் மூட வேண்டும். இங்கே இன்னொரு சுய விலக்கு இருக்கிறது. சூதாட்டம் பற்றிப் பேசுபவர்கள் அதை அரிதாகவே குறிப்பிடுகிறார்கள். உரிமம் பெற்ற கடன் வழங்குவோரிடமிருந்து கடன் பெறும் தகுதியை ஒருவர் தாமே விண்ணப்பித்து நிறுத்திவைத்துக்கொள்ளலாம். அதற்கான பதிவைக் கடன் வழங்குவோருக்கான கடன்தகவல் நிலையம் வைத்திருக்கிறது. சூதாட்டக்கூடத்திலிருந்து விலகி, கடன் கதவைத் திறந்தே வைத்திருப்பவர் கெந்திங்குக்குப் போக ஐந்நூறு வெள்ளி புரட்டிவிடுவார். இரண்டையும் சேர்த்து மூடியவருக்கு எஞ்சுவது உரிமமில்லாத கடன்முதலைகள்தாம். அந்தப் பக்கம் போவதற்குப் பெரும்பாலோருக்கு இன்னும் அச்சம் இருக்கிறது. சம்பளம் சேரும் வங்கிக் கணக்கின் அட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, செலவுக்கு வாரம் ஒரு தொகை வாங்கிக்கொள்ளும் பழைய ஏற்பாடும் இதனோடு சேரும்போது நன்றாகவே வேலை செய்கிறது. தனியே அது நிற்காது, ஏனென்றால் கேட்டு வாங்கும் கணவரிடம் ஒவ்வொரு வாரமும் மறுப்புச் சொல்லும் பாரம் மனைவியின் தலையில் விழுகிறது.

குடும்ப விலக்காணையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அது பலமற்றது என்பதன்று. அது கேட்கும் விலை வேறு. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். ஆட்டத்தால் குடும்பத்துக்கு நேர்ந்த தீங்கை விளக்க வேண்டும். மதிப்பீட்டுக் குழு ஒன்று விசாரித்து முடிவெடுக்கும். எதிர்த் தரப்பான அந்த உறவினருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு. அவசர நிலையில் தற்காலிக ஆணை கொடுக்கவும் வழி இருக்கிறது. தாயும் மகனும், கணவனும் மனைவியும் ஓர் அறையில் எதிரெதிர்த் தரப்பாக உட்கார்ந்து, கடன் ரசீதுகளையும் அடகுச் சீட்டுகளையும் எடுத்து வைப்பது எளிதான காட்சியன்று. அதற்குப் பிறகும் அவர்கள் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

ஆயினும், "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஒருவர் சாதித்துக்கொண்டிருக்கும்போது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் தவணை தவறி, பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்த பணமும் கரைந்துகொண்டிருந்தால், மனைவி தயங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கணவரின் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. தாலிச் சங்கிலியைத் தேக்காவில் அடகு வைத்து மீட்டு, மறுபடி வைத்து, கடைசியில் மூழ்கவிட்ட ஒருவரை நான் அறிவேன். அவர் முதல் முறை அடகு வைத்த வாரத்திலேயே விண்ணப்பித்திருந்தால், குடும்பத்தின் மானத்துக்கு இப்போது நேர்ந்ததைவிடக் குறைந்த சேதமே நேர்ந்திருக்கும். ஒருவர் தாமே பதிய மறுக்கிறார் என்பதுதான் இந்த இரு வழிகளுக்கும் இடையிலான எல்லைக்கோடு. இரண்டு மூன்று முறை அமைதியாகக் கேட்டும் மறுத்தால், நான்காம் முறை கேட்பதைவிட விண்ணப்பிப்பதே அன்பு.

இவை தவிர, யாரும் விண்ணப்பிக்காமலே சட்டம் விலக்கிவைக்கும் சிலரும் உண்டு: திவாலானவர்கள், அரசாங்க நிதியுதவி பெறுவோர், வீவக வாடகை வீட்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வாடகை பாக்கி வைத்திருப்பவர்கள். அந்த நிலைக்கு வந்து சேரும் வரை காத்திருப்பதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை.

விலக்கு, சிகிச்சை ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். கதவை மூடுவது அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில் மனத்தைப் பார்க்க வேண்டும். மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவையில் சூதாட்டத்துக்கென்றே சிகிச்சை உண்டு. 1800-6-668-668 என்ற எண்ணில் அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். ஆடுபவர் மட்டுமல்லர், வீட்டார்களும் அழைக்கலாம். 4டி வாங்கத் தொடங்கிய பிறகுதான் மாப்பிள்ளை ஆலோசகரிடம் போனார். விலக்குப் பெற்ற வாரத்திலேயே போயிருந்தால் அந்த இடைக்காலச் சறுக்கல் நேர்ந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. எனவே, முதலில் ஆலோசனையா விலக்கா என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: விலக்கை இன்றிரவு பதியுங்கள், ஆலோசனைக்கு நாளைக் காலை அழையுங்கள். ஆலோசனைக்கு நேரம் கிடைக்கும் வரை விலக்கைத் தள்ளிப்போட வேண்டாம். இடையில் ஒரு சம்பள நாள் வந்துவிடும்.

ஓராண்டு முடிந்ததும் இன்னொரு தேர்வு வருகிறது. விலக்கை நீக்கக் கேட்கலாமா, நீக்கிவிட்டு வருகை வரம்புக்கு மாறலாமா, அப்படியே விட்டுவிடலாமா? நீக்கக் கேட்பதற்கு ஒருவர் சொல்லக்கூடிய நல்ல காரணங்கள் எவை என்று யோசித்துப் பார்த்தேன். வெளியூரிலிருந்து வரும் விருந்தினரை அழைத்துப் போக வேண்டும் என்பார்கள். உல்லாசத்தளத்தின் கடைகளுக்கும் மீன் காட்சியகத்துக்கும் உணவகங்களுக்கும் போக விலக்கு தடையில்லை. ஆட்டக்கூடத்துக்குள் நுழையத்தான் முடியாது. கடன் எல்லாம் அடைந்துவிட்டது, இப்போது மனம் கட்டுக்குள் இருக்கிறது என்பார்கள். கட்டுக்குள் இருக்கும் மனத்துக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டிய தேவை என்ன என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகவே அப்படியே விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

மாப்பிள்ளைக்கு அந்த ஓராண்டு சென்ற மாதம் நிறைந்தது. தேதியை அவர் மறக்கவில்லை. அவரே தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, இன்னையோட ஒரு வருஷம் ஆச்சு" என்றார். நீக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். தங்கையிடம் கேட்டாராம். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அது பாட்டுக்கு இருக்கட்டுமே, அதுக்கென்ன சோறா போடணும்?" என்றாளாம். அவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.